இடுப்புத்தளக் கோளாறுகளும் அவற்றைக் காட்டும் படப் பரிசோதனைகளும்

"ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டார்கள், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள், ஆனாலும் அடியில் ஏதோ இறங்கி வருகிற மாதிரியே இருக்கிறது" என்று, குளுவாங்கிலும் சிகாமட்டிலும் கூலாயிலும் வாழ்கிற நம் தாய்மார்கள் ஒருவருக்கொருவர் மெல்லிய குரலில் சொல்லிக்கொள்ளும் வார்த்தையிலிருந்தே இந்த அத்தியாயத்தை ஆரம்பிப்பது உசிதமென்று கருதுகிறேன். அவர்கள் உணர்வதும் மெய். ஆஸ்பத்திரியில் சொன்னதும் மெய். அடிவயிற்றின்மேல் பசையைத் தடவிக் கருவியை நகர்த்தி எடுக்கிற சாதாரண ஸ்கேன், கர்ப்பப்பையில் கட்டி வளர்ந்திருக்கிறதா, சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கிறதா என்பவற்றைக் காட்டுவதற்காக ஏற்பட்டதேயன்றி, அந்த உறுப்புகளையெல்லாம் கீழிருந்து தாங்கி நிற்கும் தசைகளின் நிலைமையைக் காட்டுவதற்காக ஏற்பட்டதன்று. கேட்ட கேள்விக்கு அது சரியான விடையைத்தான் கொடுத்தது. தாயார் கேட்க விரும்பிய கேள்வி வேறு. அந்த வேறு கேள்வியைக் கேட்கிற பரிசோதனைகள் எவை, அவற்றில் என்ன நடக்கும், எப்பொழுது அவை தேவை, எப்பொழுது தேவையில்லை என்பதை இங்கே சற்று விஸ்தாரமாகப் பார்ப்போம்.

இடுப்பெலும்பின் முன்பக்கத்திலிருந்து பின்னே வால் எலும்பு வரையில், தூளித் துணியைப் போல் இருபுறமும் பிடித்துக் கட்டப்பட்டிருக்கும் தசைகளின் தொகுதியே இடுப்புத்தளம். முன்னே மூத்திரக் குழாய், நடுவே பிறப்புறுப்பின் வழி, பின்னே மலக்குடல் ஆகிய மூன்றும் இதன் ஊடே வெளிவருகின்றன. தசை இற்றாலும் கிழிந்தாலும், அதற்குத் துணையாயிருக்கும் இணைப்புத் திசு தளர்ந்தாலும், மூத்திரப்பையோ கர்ப்பப்பையோ மலக்குடலின் முன்சுவரோ கீழ்நோக்கிச் சரிகிறது. இருமினால் மூத்திரம் கசிகிறது. மலம் கழிக்க நெடுநேரம் முக்க வேண்டியிருக்கிறது, அல்லது அடக்க நினைத்தாலும் அடங்காமல் போகிறது. பிரசவமே இதற்கு முதற்காரணம். ஆயுதம் போட்டு எடுத்த பிரசவமாயின் அபாயம் அதிகம். மாதவிடாய் நின்ற பிற்பாடு ஏற்படும் தளர்ச்சி, நாட்பட்ட இருமல், தீராத மலச்சிக்கல், உடற்பருமன், பாரம் தூக்கும் வேலை ஆகியவை பின்னர் வந்து சேர்கின்றன. இந்த ஜொகூர் மண்ணில் விடியற்காலையில் எழுந்து பால்மரம் வெட்டி, நிறைந்த வாளிகளைச் சுமந்து, பிள்ளை பெற்ற சில வாரங்களிலேயே மறுபடியும் நிரைக்குத் திரும்பிய ஒரு தலைமுறைப் பெண்கள் இன்று எழுபது வயதைத் தாண்டி நம்மிடையே இருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது, இந்த விஷயத்தை ஒளித்துப் பேசுவது அவர்களுக்குச் செய்யும் அநீதி என்றே தோன்றுகிறது.

படமெடுக்கும் கலை இந்த இடத்துக்கு வந்து சேர வெகுகாலம் பிடித்தது. 1895-இல் ரோஞ்சன் கண்டுபிடித்த கதிர் எலும்பைக் காட்டியது. தசையை அதனால் காட்ட முடியவில்லை. 1958-இல் கிளாஸ்கோ நகரத்து மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்டும் அவருடைய தோழர்களும் வயிற்றுக் கட்டிகளை ஒலியலை கொண்டு பார்த்த விவரத்தை வெளியிட்ட பிறகே, மிருதுவான உறுப்புகளைக் கதிரியக்கமின்றிக் காணும் வழி திறந்தது. பெண்ணொருத்தி முக்கும்போது இடுப்புத்தளம் எவ்வளவு இறங்குகிறது என்பதை எம்.ஆர்.ஐ. எனப்படும் வேகமான காந்த அதிர்வுப் படங்களால் அளந்து காட்டிய கட்டுரை 1991-இல்தான் வெளிவந்தது. கருவிகள் வளர்ந்த இந்தச் சரித்திரத்தில் நோயாளி அறிந்துகொள்ள வேண்டிய சாரம் ஒன்று உண்டு. இடுப்புத்தளம் அசைகின்ற உறுப்பு. காலை நீட்டி அசையாமல் படுத்திருக்கையில் அதன் குற்றம் பெரும்பாலும் மறைந்திருக்கும். முக்கும்போதும் இருமும்போதும் இறுக்கும்போதுமே அது வெளிப்படும். ஆகவே இந்தப் பரிசோதனைகளில் நோயாளி வெறுமனே படுத்திருப்பவர் அல்லர்; படத்தின் பாதியை அவர்தான் உண்டாக்குகிறார்.

படத்துக்கு முன்னால் நடக்க வேண்டியதும் ஒன்றுண்டு. வைத்தியர் குறைகளை முழுமையாகக் கேட்டு, பின்பு கையால் பரிசோதித்து, முக்கச் சொல்லி எந்த உறுப்பு எவ்வளவு இறங்குகிறதென்று சென்டிமீட்டர் கணக்கில் அளந்து குறிக்க வேண்டும். அவ்வாறு குறிப்பதற்கு உலகெங்கும் ஒரே மாதிரியான முறையொன்று 1996 முதல் வழக்கில் இருக்கிறது. இந்தக் கைப்பரிசோதனையிலேயே பெரும்பாலான பெண்களுக்கு விடை கிடைத்துவிடும். பிரிட்டனின் நைஸ் நிறுவனம் 2019-இல் வெளியிட்ட நெறிமுறை, மூத்திரக் கசிவுள்ள பெண்களுக்கு எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. ஆகியவற்றை வழக்கமாக எடுக்கலாகாது என்றும், கையால் பார்த்தே இறக்கம் தெரிந்துவிட்டால் அதைப் பதிவு செய்வதற்கென்று படமெடுக்க வேண்டியதில்லை என்றும் தெளிவாகக் கூறுகிறது. கைகாசைக் கொட்டித் தனியார் நிலையத்தில் முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டு அப்புறம் வைத்தியரைத் தேடிப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நோயாளியின் முறையீட்டுக்கும் கைப்பரிசோதனைக்கும் பொருத்தமில்லாதபோதும், பல உறுப்புகள் ஒருங்கே இறங்கியிருக்கும்போதும், முன்பு செய்த அறுவை பலன் தராமல் குறை திரும்பி வந்தபோதும், மலம் கழிப்பதில் விளங்காத தடை இருக்கும்போதும், பிரசவத்தில் ஆசனவாய்த் தசை கிழிந்தவர்களுக்குமே படம் உண்மையாக உதவுகிறது.

எல்லாவற்றிலும் எளியது, மூத்திரம் கழித்த பின் பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறதென்று பார்க்கும் ஸ்கேன். கழிவறைக்குப் போய் வழக்கம்போல் கழித்துவிட்டு உடனே வந்து படுத்தால், அடிவயிற்றில் கருவியை வைத்துச் சில நிமிஷத்தில் முடித்துவிடுவார்கள். ஐம்பது மில்லிலிட்டருக்குக் குறைவாக நின்றால் கவலையில்லை. இருநூறுக்கு மேல் நின்றால் காரணத்தைத் தேட வேண்டும். இடைப்பட்டதை வைத்தியர் மற்றக் குறிகளோடு சேர்த்துத் தீர்மானிப்பார். வெட்கத்தினாலோ வெளியே வரிசை காத்திருக்கிற அவசரத்தினாலோ பாதியில் எழுந்து வந்துவிட்டால் இந்த எண் பொய்யாகிவிடும் என்பதால், நிதானமாக உட்கார்ந்து கழியுங்கள். கர்ப்பப்பை முழுவதும் வெளியே தள்ளியிருக்கும் முதியவர்களுக்குச் சிறுநீரகத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்வது வழக்கம். இறங்கிய உறுப்புகள் சிறுநீரகத்திலிருந்து மூத்திரப்பைக்கு வரும் குழாய்களை மடக்கிவிடுவதால் சிறுநீரகம் வீங்கக்கூடும்.

அடுத்தது, இந்த அத்தியாயத்தின் மையமான பரிசோதனை: தொடைகளுக்கு நடுவே, பிறப்புறுப்பின் வெளிப்புறத்தில் கருவியை வைத்து எடுக்கும் ஸ்கேன். உள்ளே எதையும் நுழைப்பதில்லை. மூத்திரத்தையும், இயன்றால் மலத்தையும் கழித்துவிட்டு மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பாதங்களை இடுப்புக்கு அருகே வைத்துக்கொள்ள வேண்டும். கருவியின் முகத்தில் பசையிட்டு, அதன்மேல் கையுறையையோ மெல்லிய உறையையோ போட்டு, மறுபடியும் பசை தடவி மெதுவாக அழுத்துவார்கள். சில்லென்று இருக்கும், வலிக்காது. திரையின் ஓரத்தில் இடுப்பின் முன்னெலும்பும், அதையடுத்து மூத்திரக் குழாயும் பையும், பிறகு பிறப்புறுப்பின் வழியும், கடைசியில் ஆசனவாயும் ஒரே வரிசையில் தெரியும். முன்னெலும்பின் கீழ்விளிம்பில் ஒரு கோடு போட்டு, முக்கும்போது ஒவ்வோர் உறுப்பும் அந்தக் கோட்டுக்கு எவ்வளவு கீழே வருகிறதென்று அளக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் பேராசிரியர் டீட்ஸ் என்பவர் பல ஆண்டுகளாக இத்துறையில் செய்த ஆராய்ச்சிகளின்படி, மூத்திரப்பை கோட்டுக்குக் கீழே பத்து மில்லிமீட்டரும், மலக்குடல் பதினைந்து மில்லிமீட்டரும் இறங்குவது நோயாளி உணரும் இறக்கத்தோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறது. முப்பரிமாண வசதியுள்ள கருவியாயின் இடுப்புத்தளத்தின் வாயிலையே குறுக்காகப் பார்க்கலாம். முக்கும்போது அதன் பரப்பு இருபத்தைந்து சதுர சென்டிமீட்டருக்கு மேல் விரிந்தால் அது அளவு மீறிய தளர்ச்சி. தசை எலும்பிலிருந்து பிய்ந்துபோயிருக்கிறதா என்பதையும் மெல்லிய அடுக்கடுக்கான படங்களில் காண்கிறார்கள். ஆய்வுக்கு ஆய்வு கணக்கு வேறுபட்டாலும், இயற்கை வழியில் பிள்ளை பெற்றவர்களில் பத்துப் பேரில் ஒருவருக்குக் குறையாமல் இந்தப் பிய்ப்பு காணப்படுகிறது. தசை பிய்ந்தவர்களுக்கு இறக்கத்துக்காகச் செய்யும் அறுவைக்குப் பின் குறை திரும்பிவரும் சாத்தியம் அதிகம். ஆதலால் அறுவையை யோசிக்கும்போது இந்தச் செய்தி மிகவும் பிரயோஜனப்படும்.

இங்கேதான் நோயாளியின் ஒத்துழைப்பு முக்கியமாகிறது. முக்கச் சொன்னால் பல பெண்கள், காற்றோ மூத்திரமோ வெளியேறிவிடுமே என்ற அச்சத்தால், முக்குவதோடு கூடவே கீழ்த்தசையை இறுக்கிக்கொள்கிறார்கள்; அப்போது இறங்க வேண்டிய உறுப்பு இறங்காமல் நின்றுவிடுகிறது, படமும் நன்றாக இருப்பதாகப் பொய் சொல்லுகிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டளைகள் பெரும்பாலும் மலாயில் வரும். "தாஹான் நாஃபாஸ்" என்றால் மூச்சைப் பிடிக்க வேண்டும். "தெரான்" என்றால் பிரசவத்தில் முக்கியது போல் கீழ்நோக்கி முக்க வேண்டும். "கெமுட்" என்றால் மூத்திரத்தை அடக்குவது போல் உள்ளே இழுத்து இறுக்க வேண்டும். தெரானையும் கெமுட்டையும் மாற்றிச் செய்துவிட்டால் படம் தலைகீழாகிவிடும் என்பதால், தோட்டத்திலிருந்து வருகிற முதியவர்களுக்கு மகளோ மருமகளோ முதல்நாளே சொல்லிக்கொடுத்து, வீட்டிலேயே இரண்டையும் தனித்தனியே செய்து பார்க்கச் சொல்வது நல்லது. முக்குவதை ஒரு நொடியில் விட்டுவிடாமல் ஆறேழு நொடிகளாவது நீடிக்க வேண்டும். காற்று பிரிந்தாலும் இரண்டு சொட்டு கசிந்தாலும் அது அங்குள்ளவர்களுக்குப் புதிதன்று. அதற்காகத்தான் கீழே விரிப்பு போட்டிருக்கிறார்கள்.

பிரசவத்தில் ஆசனவாய் வரை கிழிந்து தையல் போட்டவர்கள், பிற்காலத்தில் காற்றையோ மலத்தையோ அடக்க முடியாமல் போனால், ஆசனவாயினுள் வைத்து எடுக்கும் ஸ்கேன் அவர்களுக்கு அவசியம். விரல் கனமுள்ள கருவியை, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருக்கையில் பசையிட்டு மெல்ல நுழைப்பார்கள். உள்வளையத் தசை கறுப்பு வளையமாகவும், வெளிவளையத் தசை அதைச் சூழ்ந்து வெளுத்த வளையமாகவும் திரையில் தெரியும். வளையம் எந்த இடத்தில் அறுந்திருக்கிறதென்பதைக் கடிகார முள்ளின் நிலையைச் சொல்லிக் குறிப்பார்கள். மலம் அடங்காமல் போவதை வாழ்நாள் முழுதும் மூடி மறைத்து, திருமண வீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் போகாமல் ஒடுங்கிவிடுகிற பெண்கள் உண்டு. தைக்கப்பட வேண்டிய ஒரு கிழிசல் அது என்று இந்த ஸ்கேன் காட்டிக்கொடுக்கலாம்.

மலம் கழிக்க நெடுநேரம் முக்கியும் முழுதும் வெளியேறாமல், சில சமயம் விரலால் அழுத்தி உதவ வேண்டியிருக்கிறவர்களுக்கு உட்கார்ந்த நிலையில் எடுக்கும் எக்ஸ்ரே பரிசோதனை இருக்கிறது. பேரியம் கலந்த, மலத்தைப் போன்ற கெட்டியான கலவையை மலக்குடலில் செலுத்தி, எக்ஸ்ரே கருவிக்கு முன்னால் தனியாக அமைத்த கழிப்பிருக்கையில் உட்காரவைத்து, அதை வெளியேற்றச் சொல்லி, நடப்பதைச் சலனப் படமாகப் பதிவு செய்கிறார்கள். சிறுகுடலும் கீழே சரிகிறதா என்று காண வேண்டுமாயின், அதற்கு ஒரு மணி முன்னதாகக் குடிக்கவும் பேரியம் கொடுப்பார்கள். சங்கோஜம் மிகுந்த பரிசோதனை இது என்பதை நான் மறைக்கப் போவதில்லை. ஆயினும் மலக்குடலுக்கும் ஆசனவாய்க்கும் இடையேயுள்ள கோணம், ஓய்வில் சுமார் 90 முதல் 110 பாகை வரை இருப்பது, முக்கும்போது பதினைந்து இருபது பாகை விரிந்து வழிவிட வேண்டியிருக்க, சிலருக்கு அது விரிவதற்குப் பதிலாகச் சுருங்கி வழியை அடைத்துக்கொள்கிறது என்ற உண்மை இதில் தெளிவாகத் தெரியும். அத்தகையவர்களுக்குக் கத்தி தேவையில்லை, தசையைத் தளர்த்தப் பழக்கும் பயிற்சியே மருந்து. கதிரியக்கம் உண்டாதலால் கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது. கர்ப்பமோ என்ற சம்சயம் இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பிறகு ஓரிரு நாள் மலம் வெளுத்துப் போகும். தண்ணீர் நிறையக் குடித்தால் சரியாகிவிடும்.

இதே காரியத்தைக் கதிரியக்கமின்றிச் செய்வது எம்.ஆர்.ஐ. மலக்குடலில் ஸ்கேனுக்குப் பூசும் பசையையே 120 முதல் 200 மில்லிலிட்டர் வரை செலுத்தி, குழாய் போன்ற இயந்திரத்தினுள் படுக்கவைத்து, இறுக்கவும் முக்கவும் வெளியேற்றவும் சொல்லிப் படமெடுப்பார்கள். முன்னெலும்பின் கீழ்விளிம்பிலிருந்து வால் எலும்பின் கடைசி மூட்டு வரை ஒரு கோடு இழுத்து, உறுப்புகள் அதற்குக் கீழே மூன்று சென்டிமீட்டர் வரை இறங்கினால் சிறியது, மூன்று முதல் ஆறு வரை நடுத்தரம், ஆறுக்கு மேல் பெரியது என்று வகுக்கிறார்கள். முன், நடு, பின் என்ற மூன்று பகுதிகளையும் ஒரே படத்தில் காண்பது இதன் சிறப்பு. படுத்த நிலையில் எடுப்பதால் நிற்கும்போது உள்ள பாரம் இல்லாமல் இறக்கம் குறைத்துத் தெரிவது இதன் குறை. ஆகவே வெளியேற்றும்போது எடுத்த படங்கள் இல்லாமல் ஓய்வில் எடுத்தவற்றை மட்டும் நம்பக் கூடாது.

எம்.ஆர்.ஐ. அறை முழுவதும் பலமான காந்தம். இருதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள், காதிலோ மூளையிலோ உலோகக் கருவி பொருத்தியவர்கள், கர்ப்பத்தடைக்குச் செம்பு வளையம் வைத்திருப்பவர்கள் இதை முன்னதாகவே தெரிவிக்க வேண்டும். நம் பெண்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது தாலியைப் பற்றி. தாலிக்கொடியைக் கழற்றச் சொன்னால் மனம் கலங்கிப் பரிசோதனையே வேண்டாமென்று எழுந்துவிடுகிறவர்கள் உண்டு. அதன் தங்கத்தைக் காட்டிலும், அதில் அவசரத்துக்கென்று கோத்து வைத்திருக்கும் இரும்பு ஊக்குகளே காந்தத்துக்குப் பகை. வீட்டிலேயே பூஜை அறையில் வைத்து, கொடியை மாற்றி மஞ்சள் கிழங்கு கட்டிய மஞ்சள் கயிற்றை அணிந்துகொண்டு போனால், ஆஸ்பத்திரி வாசலில் இந்தச் சங்கடமே எழாது. மூக்குத்தி, மெட்டி, கொண்டை ஊசி ஆகியவற்றையும் முதல்நாளே கழற்றுங்கள். வருஷக்கணக்கில் கழற்றாத மூக்குத்தி அங்கே போய்க் கழலாது.

இனி நடைமுறை. ஜொகூரில் குடியிருப்பவர்களுக்கு முதற்படி அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தான். மலேசியக் குடிமக்களுக்கு அங்கே ஒரு வெள்ளியும், அரசாங்க ஆஸ்பத்திரியின் நிபுணர் பிரிவில் ஐந்து வெள்ளியுமே பார்வைக் கட்டணம். கிளினிக்கில் தரும் பரிந்துரைக் கடிதத்தோடு, 1941-இல் கட்டி முடிக்கப்பட்டு இன்று சுல்தானா அமினா என்ற பெயருடன் விளங்கும் ஜொகூர் பாருவின் பெரிய ஆஸ்பத்திரிக்கோ, 2004-இல் திறக்கப்பட்ட சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனைக்கோ, மூவார், பத்து பகாட், குளுவாங், சிகாமட் ஆகிய ஊர்களிலுள்ள ஆஸ்பத்திரிகளுக்கோ, அங்குள்ள மகளிர் நோய்ப் பிரிவில் காட்டுவதற்கு அனுப்புவார்கள். எந்தப் பரிசோதனை எங்கே என்பதை நிபுணர் முடிவு செய்வார். 2025 ஜனவரி 1 முதல் இம்மாநிலத்தின் வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டதால், பழைய ஞாபகத்தில் ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்து ஏமாறாதீர்கள். பெண் வைத்தியரோ, இல்லையெனில் மிஸ்ஸி ஒருவர் உடனிருப்பதோ வேண்டுமென்று கேட்பது உங்கள் உரிமை. தேதி குறிக்கும்போதே கேளுங்கள். பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்து அங்கே ஒரு கிளினிக்கிலும் இங்கே ஒன்றிலும் காட்டிக்கொள்பவர்கள், படத்தகட்டையும் அறிக்கையையும் ஒரே உறையில் போட்டு எங்கும் எடுத்துச் செல்வது, அதே பரிசோதனைக்கு இருமுறை பணம் கட்டுவதைத் தவிர்க்கும். முன்பு வலை அல்லது நாடா வைத்து அறுவை செய்தவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த வலை எக்ஸ்ரேயில் தெரியாது. வெளியிலிருந்து எடுக்கும் ஸ்கேனில்தான் பளிச்சென்று தெரியும். இறக்கத்துக்காகப் பிறப்புறுப்பின் வழியே வைக்கும் வலைகளை விற்கலாகாதென்று அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் 2019 ஏப்ரலில் உத்தரவிட்டது என்பதால், பழைய அறுவையின் விவரம் இப்போது முன்னிலும் முக்கியமாகிறது.

அறிக்கை கையில் வந்ததும் அதிலுள்ள கடினமான பதங்களைக் கண்டு திகைக்க வேண்டாம். மலக்குடலின் முன்சுவர் இரண்டு சென்டிமீட்டருக்குள் பிதுங்குவது, எந்தக் குறையுமில்லாத பெண்களிடமும் சாதாரணமாகக் காணப்படுகிறது. படத்தில் தெரிவதற்கெல்லாம் சிகிச்சை தேவையில்லை. நோயாளியின் உபத்திரவத்துக்கே சிகிச்சை. என்னுடைய அபிப்பிராயம், அறுவையைப் பற்றி எவர் பேசினாலும், "இந்தப் படத்தில் தெரிவதுதான் என் குறைக்குக் காரணமா?" என்று ஒரு கேள்வியைக் கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாதென்பதே. பலருக்கு முதற்சிகிச்சை 1948-இல் அமெரிக்க மருத்துவர் கெகல் பரப்பிய தசைப் பயிற்சிதான். ஸ்கேன் திரையில் தன் தசை சுருங்குவதைத் தானே பார்த்துப் பழகுவது அப்பயிற்சிக்கு நல்ல துணை.

மூத்திரத்தில் இரத்தம், மாதவிடாய் நின்றபின் இரத்தப் போக்கு ஆகியவை தோன்றினால் படத் தேதிக்காகக் காத்திராமல் உடனே வைத்தியரைப் பாருங்கள். மூத்திரம் திடீரென அடைத்துக்கொண்டாலோ, இடுக்குப் பகுதி மரத்துக் கால் பலவீனப்பட்டாலோ அது அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டிய விஷயம்.

இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வாங்க மாதாமாதம் கிளினிக்குக்குப் போகிற தாய்மார்களே, அடுத்த தடவை போகும்போது, மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்திருப்பதற்கு முன்னால், அடியில் இறங்குகிறது என்றோ கசிகிறது என்றோ அந்த ஒரு வாக்கியத்தையும் வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள்.